காரில் பழைய சன் ஃபிலிமை உரித்துவிட்டுப் புதிது ஒட்டுவது எப்படி

கண்ணாடியில் ஒட்டிய ஃபிலிம் ஊதா நிறத்துக்கு மாறிவிட்டதா? நடுவில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறதா? இல்லை, ஓரம் சுருண்டு நகத்தில் சிக்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உரிக்க வேண்டியதுதான், ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய வழி கிடையாது. சாதாரண ஃபிலிம்களில் கருமை வருவது சாயத்தால். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு அந்தச் சாயத்தில் கலந்திருக்கும் நிறங்களில் சில முதலில் அழிந்துபோகும், மிச்சம் நிற்பது ஊதா. கொப்புளம் என்பது பசை கண்ணாடியை விட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். இரண்டுமே உள்ளே நடப்பவை, மேலே எதைத் தடவினாலும் பயனில்லை.

பழையதன் மேலேயே புதிதை ஒட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கீழே இருப்பது விட்டுப்போகும்போது மேலே இருப்பதும் சேர்ந்து போகும், அப்போது இரண்டு அடுக்கை உரிக்க வேண்டியிருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிலிமை உரிப்பது சின்ன வேலை, கண்ணாடியில் தங்கும் பசையை எடுப்பதுதான் பெரிய வேலை. நான் முதல் தடவை செய்தபோது இது தெரியாமல், ஒரு மூலையைப் பிடித்துக் காய்ந்தபடியே வெடுக்கென்று இழுத்தேன். ஃபிலிம் ஐந்து நொடியில் வந்துவிட்டது, பசை முழுக்கக் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது, அந்த ஒரு கதவுக் கண்ணாடியைச் சுத்தம் செய்யவே மூன்று மணி நேரம் போனது. அடுத்த கதவில் சூடுகாட்டி, மெதுவாக, பசையும் கூடவே வரும்படி உரித்தேன். துடைத்து முடிப்பது உட்பட அரை மணி நேரம்தான்.

முதலில் அது ஃபிலிம்தானா என்று பாருங்கள்

சில கார்களில் பின்பக்கக் கண்ணாடிகள் தயாரிக்கும்போதே நிறம் கலந்து செய்யப்பட்டிருக்கும். அதில் உரிக்க எதுவுமே இருக்காது. கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கி மேல் விளிம்பை உற்றுப் பாருங்கள். ஃபிலிம் என்றால் விளிம்புக்கு ஓரிரு மில்லிமீட்டர் கீழே ஒரு கோடாக முடிந்திருக்கும், உள்பக்கம் நகத்தால் தடவினால் சின்னப் படி போலத் தட்டுப்படும். விளிம்பு வரைக்கும் ஒரே நிறம் என்றால் அது கண்ணாடியின் நிறம், விட்டுவிடுங்கள்.

தேவையானவை

சூடு காட்ட ஏதாவது ஒன்று வேண்டும். துணிச் சுருக்கம் எடுக்கும் கையடக்க ஸ்டீமர் இருந்தால் அதுதான் முதல் தேர்வு, ஏனென்றால் நீராவி சூட்டோடு ஈரத்தையும் கொடுக்கிறது, ஒரே இடத்தில் அளவு மீறிச் சுடுவதும் இல்லை. ஹீட் கன் வேகமானது, ஆனால் கவனம் தப்பினால் பிளாஸ்டிக் உருகும், குளிர்ந்திருக்கும் கண்ணாடி விரிசல் விடும். ஹேர் டிரையரும் போதும், நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

அதோடு இரண்டு ஸ்ப்ரே பாட்டில், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பிளேடு மாட்டும் ஸ்கிராப்பர், நிறையப் புது பிளேடுகள், ஒரு பிளாஸ்டிக் ஸ்கிராப்பர், நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணிகள், டிஷ்யூ ரோல், பழைய துண்டுகள். புதிய ஃபிலிம் ஒட்டுவதற்குத் தண்ணீரை வழித்துத் தள்ளும் ரப்பர் ஸ்க்வீஜி ஒன்று, கெட்டியான பிளாஸ்டிக் கார்டு ஒன்று, நுனி உடைத்துக்கொள்ளும் கட்டர் ஒன்று. கட்டருக்கு ஸ்டெயின்லெஸ் பிளேடு வாங்குங்கள், கார்பன் ஸ்டீலைவிட அது கண்ணாடியைக் கீறுவது குறைவு.

காருக்குள் தண்ணீர் நிறையவே வழியும். கதவில் இருக்கும் பவர் விண்டோ சுவிட்சுகள், ஸ்பீக்கர், பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டு எல்லாவற்றையும் துண்டு போட்டு மூடுங்கள். கண்ணாடியும் கதவும் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் பீடிங்கின் மேல் ஒரு துண்டை நீளவாக்கில் மடித்து வைத்தால் வழியும் தண்ணீரை அதுவே குடித்துக்கொள்ளும். கண்ணாடியைச் சுற்றியுள்ள பில்லர் பிளாஸ்டிக்கைக் கழற்றலாமா என்று தோன்றும். கை வைக்காதீர்கள். பல கார்களில் அதன் பின்னால்தான் கர்ட்டன் ஏர்பேக், அதாவது விபத்தில் பக்கவாட்டில் திரைபோல விரியும் காற்றுப்பை இருக்கிறது.

கதவுக் கண்ணாடிகள்

இருப்பதிலேயே சின்னக் கண்ணாடியில் ஆரம்பியுங்கள், கை பழகும். கண்ணாடியை ஒரு விரல்கட்டை அளவு இறக்கினால் ஃபிலிமின் மேல் விளிம்பு வெளியே தெரியும். ஸ்டீமரை உள்பக்கம் ஒரு மூலையில் பிடித்து மெதுவாக நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் பசை இளகும். ஹீட் கன் என்றால் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது மூலையைப் பிளேடு நுனியால் லேசாகக் கிளப்பி, இரண்டு விரலால் பிடித்து இழுங்கள். எந்தக் கோணத்தில் இழுக்கிறோம் என்பது முக்கியம். கண்ணாடிக்கு நேர் எதிரே வெளியே இழுத்தால் கிழியும். கிட்டத்தட்ட கண்ணாடியோடு ஒட்டினாற்போல், ஃபிலிமை மடக்கிக் கீழ்நோக்கி இழுத்தால் பசையும் சேர்ந்து வரும். ஃபிலிம் கண்ணாடியை விட்டுப் பிரியும் அந்தக் கோட்டிலேயே கண் இருக்கட்டும். கோட்டுக்கு மேலே கண்ணாடி தெளிவாகத் தெரிந்தால் எல்லாம் சரி. அங்கே பனிமூட்டம் போல வெள்ளையாக ஏதாவது தங்கினால் சூடு போதவில்லை, அல்லது நீங்கள் அவசரப்படுகிறீர்கள். நிறுத்துங்கள், அந்தக் கோட்டில் மறுபடி நீராவி காட்டுங்கள், பிறகு தொடருங்கள். நிமிடத்துக்கு ஒரு சாண் வந்தாலே நல்ல வேகம்.

மிகப் பழைய ஃபிலிம் சில சமயம் இரண்டாகப் பிரியும். நிறமுள்ள மேல் அடுக்கு கையோடு வந்துவிடும், பசையோடு ஒரு மெல்லிய அடுக்கு கண்ணாடியிலேயே நின்றுவிடும். அப்படி ஆனால் மேலே இழுத்துப் போராட வேண்டாம். டிஷ்யூத் தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடி முழுக்க ஒட்டி, காயக் காயத் தெளித்து, ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். அப்புறம் மறுபடி சூடு காட்டினால் அந்த அடுக்கும் கிளம்பும்.

மிஞ்சிய பசைக்கு, கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரால் நன்றாக நனைத்து, பிளேடை ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் வைத்து, ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போங்கள். முன்னும் பின்னுமாக ஓட்டக் கூடாது. பின்னால் இழுக்கும்போது பிளேடுக்கு அடியில் சிக்கிய மணல்துகள் கண்ணாடியில் கோடு போட்டுவிடும், அந்தக் கீறல் எதைப் போட்டாலும் போகாது. கண்ணாடி ஒருபோதும் காயக் கூடாது. ஒரு கண்ணாடிக்கு ஒரு பிளேடு என்று வைத்துக்கொள்ளுங்கள், பிளேடில் சிக்கனம் வேண்டாம். கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். முடிந்ததா என்று கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்கையை நனைத்துத் தடவிப் பார்ப்பது நம்பகமானது. பசை மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் கை வழுக்காமல் பிடிக்கும்.

பின் கண்ணாடி

இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். பின் கண்ணாடியில் குறுக்காக ஓடும் மெல்லிய கோடுகள் டீஃபாகருக்கானவை, அதாவது கண்ணாடியைச் சூடாக்கிப் பனியைக் கலைப்பவை. வெள்ளி கலந்த பசையைக் கண்ணாடியின் உள்பக்கத்தில் சுட்டுப் பதித்திருக்கிறார்கள், நாம் உரிக்கப்போகும் ஃபிலிம் அதன் மேல்தான் ஒட்டியிருக்கிறது. ஒரு கோட்டில் ஒரு இடம் அறுந்தாலும் அந்தக் கோடு முழுவதும் வேலை செய்யாது. சில கார்களில் ரேடியோ ஆன்டெனாவும் இதே மாதிரிக் கோடாக அங்கேயே இருக்கும்.

அதனால் தொடுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்துவிடுங்கள். கண்ணாடியில் வாயால் ஊதியோ ஸ்டீமரால் காட்டியோ பனி படியவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு டீஃபாகரைப் போடுங்கள். பனி கோடு கோடாகக் கலையும். எந்தக் கோட்டில் கலையவில்லையோ அது ஏற்கெனவே அறுந்தது, குறித்துக்கொள்ளுங்கள். உரித்து முடித்ததும் இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். அறுந்த இடத்தை மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயிண்டால் தொட்டுச் சரிசெய்யலாம், ஆனால் புதிய ஃபிலிம் ஒட்டுவதற்கு முன்னால்தான் முடியும்.

பின் கண்ணாடிக்கு வெயில் பெரிய உதவி. பெரிய கருப்புக் குப்பைப் பையைப் பிரித்து, கண்ணாடியின் வெளிப்பக்கம் சோப்புத் தண்ணீர் தெளித்து, அதன் மேல் பையை ஒட்டி, காரை நல்ல வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். கருப்புப் பை சூட்டை இழுத்து மொத்தக் கண்ணாடியையும் ஒரே சீராகச் சூடாக்கும். அப்புறம் உள்ளே உட்கார்ந்து, மூலையில் ஆரம்பித்து, தேவையான இடத்தில் ஸ்டீமரையும் காட்டி உரியுங்கள். கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அதே திசையில், அதாவது பக்கவாட்டில் இழுக்க வேண்டும். மேலிருந்து கீழாக இழுத்தால் ஒவ்வொரு கோட்டின் விளிம்பிலும் ஃபிலிம் தடுக்கி, கோட்டையும் சேர்த்துக் கிளப்ப வாய்ப்பு அதிகம். இரண்டு ஓரத்திலும் கோடுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன உலோக இணைப்புகள் இருக்கும். அந்த இடத்தில் விரலால் மட்டும் வேலை செய்யுங்கள்.

பிளேடுக்கு இங்கே இடமே இல்லை. பசை எவ்வளவு பிடிவாதமாக இருந்தாலும் சரி. நனைத்த டிஷ்யூத் தாளை ஒட்டி ஊறவைப்பது, பிளாஸ்டிக் ஸ்கிராப்பரால் கோட்டின் திசையிலேயே தள்ளுவது, ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது, இவ்வளவுதான். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். ஓரத்தில் கருப்புப் புள்ளிகளாகப் பட்டை இருக்குமே, அந்தப் புள்ளிகளுக்கு இடையில் பசை ஒளிந்துகொள்ளும். அங்கே பழைய டூத் பிரஷ் நன்றாக வேலை செய்கிறது.

அமோனியா தெளித்து ஊறவைக்கும் முறை ஒன்று உண்டு, பசையை நன்றாகவே இளக்கும். ஆனால் மூடிய காருக்குள் அந்த ஆவி கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும், தோல் இருக்கைகளையும் டேஷ்போர்டையும் கெடுக்கும். பிளீச்சிங் திரவத்தோடு தப்பித் தவறிக் கலந்துவிட்டால் நச்சு வாயு வரும். ஸ்டீமரும் வெயிலும் இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு என்பதே என் எண்ணம்.

புதிய ஃபிலிமைத் தேர்ந்தெடுப்பது

ஃபிலிமில் எழுதியிருக்கும் 35, 50, 70 போன்ற எண்கள் எத்தனை சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதைக் குறிக்கும். எண் குறைந்தால் இருட்டு கூடும். கண்ணாடியும் தன் பங்குக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கண்ணாடி மட்டும் 80% விடுகிறது, அதன் மேல் 35% ஃபிலிம் ஒட்டுகிறீர்கள் என்றால், மொத்தமாக வருவது 28%தான். எவ்வளவு அனுமதி, எந்தக் கண்ணாடியில் அனுமதி, ஃபிலிமே ஒட்டலாமா கூடாதா என்பது இடத்துக்கு இடம் மாறும். வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். இரவில் மழையில் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே பார்த்து ஓட்ட வேண்டியவர் நீங்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

கருப்பு கூடினால் குளிர்ச்சியும் கூடும் என்று நினைப்பது தவறு. வெயிலில் வரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைத் தடுக்கும் செராமிக் ஃபிலிம் வெளிர் நிறத்தில் இருந்தாலும், வெறும் சாயம் பூசிய கருப்பு ஃபிலிமைவிட உள்ளே சூட்டைக் குறைக்கும். உலோகம் பூசிய ஃபிலிமும் சூட்டைத் தடுக்கும், ஆனால் ஜிபிஎஸ், செல்போன் சிக்னலைக் குறைக்கக்கூடும். நான் செராமிக் பக்கம்தான். ஒரு கதவுக்கு ஆகும் அளவாவது கூடுதலாக வாங்குங்கள், முதல் முறையில் ஒன்றாவது வீணாகும்.

ஒட்டுவது

காற்றில்லாத, தூசி கிளம்பாத, நேர் வெயில் படாத இடம் வேண்டும். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி அடங்கும். காரின் ஏசியையும் ஃபேனையும் நிறுத்துங்கள். கம்பளி, பஞ்சு உதிரும் துணி போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டாம்.

ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் குழந்தைகளுக்கான ஷாம்பு அரை டீஸ்பூன் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றுங்கள். ஃபிலிம் கண்ணாடியில் வழுக்கி நகர்வதற்காகத்தான் இது. ஷாம்பு கூடிவிட்டால் பசை பிடிக்காது.

முதலில் அளவு வெட்டுவது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை நனைத்து, ஃபிலிமை அதன் மேல் விரியுங்கள். பசையை மூடியிருக்கும் தெளிவான தாள் உங்களைப் பார்த்தபடி இருக்க வேண்டும். எந்தப் பக்கம் தாள் என்று தெரியவில்லையா? ஒரு மூலையில் முன்னும் பின்னுமாக இரண்டு செல்லோடேப் துண்டுகளை ஒட்டி, சட்டென்று பிரித்தால் தாள் தனியாகக் கிளம்பும். கீழே பீடிங்குக்குள் செருக ஒன்றிரண்டு சென்டிமீட்டரும், பக்கங்களில் ரப்பருக்குள் போக அரை சென்டிமீட்டரும் விட்டு வெட்டுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, மேல் பக்கத்தை விளிம்பை ஒட்டியே வெட்டுங்கள். கட்டரை அழுத்த வேண்டாம், அதன் எடையே போதும்.

அடுத்து உள்பக்கத்தைச் சுத்தம் செய்வது. ஏற்கெனவே செய்தாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். தெளித்து ஸ்க்வீஜியால் வழிப்பதை மேலிருந்து கீழாக மூன்று முறை செய்யுங்கள். பீடிங்கின் உள்ளே தெளித்து அங்கிருக்கும் மண்ணையும் வெளியே கொண்டுவாருங்கள். ஒட்டிய பிறகு தெரியும் புள்ளிகளில் பெரும்பாலானவை பீடிங்கிலிருந்து வந்தவைதான்.

இப்போது கண்ணாடியைத் தாராளமாக நனையுங்கள். தாளை மேலிருந்து முக்கால் பங்கு உரித்து, உரிக்க உரிக்கப் பசைப் பக்கத்திலும் தெளியுங்கள், விரலையும் நனைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி கொஞ்சம் இறங்கியே இருக்கட்டும். ஃபிலிமின் மேல் விளிம்பு கண்ணாடி விளிம்புக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் கீழே வரும்படி வைத்து, நகர்த்திச் சரிசெய்யுங்கள். அதன் மேலும் தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து வெளியே ஸ்க்வீஜியை ஓட்டுங்கள். மேல் பகுதி பிடித்ததும் கண்ணாடியை முழுக்க ஏற்றி, கீழே மிச்சமுள்ள தாளை உரித்து, தெளித்து, கார்டு முனையால் ஃபிலிமை பீடிங்குக்குள் செருகுங்கள். ஓரங்களில் சின்ன மடிப்பு எழும்பினால் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடாக்கி, கார்டால் தட்டையாக்குங்கள். கடைசியாக கார்டில் டிஷ்யூவைச் சுற்றி ஓரமெல்லாம் ஒரு முறை அழுத்தி ஓட்டினால் மிச்சத் தண்ணீரை அது உறிஞ்சிவிடும்.

தூசி சிக்கியது தெரிந்தால், ஈரம் இருக்கும்போதே அருகிலுள்ள ஓரத்தைத் தூக்கித் தண்ணீர் அடித்து வெளியேற்றலாம். நறுக்கென்று விழுந்த மடிப்பு மட்டும் போகாது, வேறு துண்டுதான் வெட்ட வேண்டும்.

பின் கண்ணாடியில் புதிதாக ஒட்டுவது வேறு கணக்கு. அது இரண்டு பக்கமும் வளைந்தது. தட்டையான ஃபிலிமை முன்கூட்டியே சூடு காட்டிச் சுருக்கி அந்த வளைவுக்குக் கொண்டுவர வேண்டும், கொஞ்சம் கூடினால் ஃபிலிம் கருகிச் சுருளும். முதல் முறை செய்பவர்கள் பின் கண்ணாடியை உரித்துச் சுத்தம் செய்வது வரை தாங்களே செய்துவிட்டு, ஒட்டுவதை மட்டும் தினமும் இதைச் செய்யும் ஒருவரிடம் விடுவது நல்லது.

ஒட்டிய பிறகு

மூன்றிலிருந்து ஐந்து நாள் வரை கண்ணாடியை இறக்கவே கூடாது. குளிர்காலமோ மழைக்காலமோ என்றால் ஒரு வாரம். சுவிட்சுகளின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், பழக்கத்தில் கை தானாகப் போய் அழுத்தும், கூட வருபவர்களுக்கும் தெரியாது. முதல் சில நாள் ஃபிலிம் மங்கலாகத் தெரியும், சின்னச் சின்னத் தண்ணீர்க் குமிழ்களும் இருக்கும். அது உள்ளே மாட்டிய ஈரம், ஃபிலிம் வழியாகவே மெதுவாக ஆவியாகிவிடும், சில வாரம்கூட ஆகலாம். ஊசியால் குத்த வேண்டாம். காரை வெயிலில் நிறுத்தினால் சீக்கிரம் போகும்.

உள்பக்கத்தை ஒரு மாதம் துடைக்காதீர்கள். அதற்குப் பிறகும் அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம், மைக்ரோஃபைபர் துணியும் நீர்த்த சோப்புத் தண்ணீரும் போதும். ஒரு மாதம் கழித்தும் ஒரு குமிழ் அப்படியே இருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் அது காற்று, கெட்டியாக உறுத்தினால் அடியில் தூசி.